நம்ம வீட்டுச் சிரிப்பு

வாசகர் வட்டம் ஒன்றில் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டு டி.வி.யில பழைய காமெடி பாத்து வயிறு வலிக்கச் சிரிக்கிறோம் தோழர். அதுல உதை வாங்குறவன் கறுப்பா இருக்கான், குட்டையா இருக்கான், பிச்சை எடுக்கிறான், ஊர்த் துணி வெளுக்கிறான். நம்மளப் பாத்து நாமளே சிரிக்கிறோம். இது தப்பில்லையா?"

கூடியிருந்த பெரியவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். காமெடியைக் காமெடியாப் பாருங்க, எல்லாத்துலயும் சாதியப் பாத்தா வாழ முடியாது என்றார் ஒருத்தர். அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே போடுங்க, அது ஆதிக்க சாதியின் வாய் என்றார் இன்னொருத்தர். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. முதலாமவருக்கு உதை கண்ணில் படவில்லை. இரண்டாமவருக்கு எங்க அம்மா கண்ணில் படவில்லை.

'சிரிக்கிறோம்' என்கிற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேருடைய சிரிப்பு அடைந்து கிடக்கிறது என்று பார்க்காமல் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். நமக்குச் சிரிக்கக் கிடைத்ததே ஒரு கதை. அதிலிருந்து வருகிறேன்.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்குப் பக்கம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. எங்கள் பக்கம் பெட்டி வந்துசேர எண்பதுகளில் பாதி கழிந்துவிட்டது. வந்ததும் ஊருக்குத்தான், காலனிக்கு இல்லை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். பெட்டி வைத்திருந்த ஒரு வீட்டில் ஆளுக்கு நாலணா வாங்கிக்கொண்டு காட்டினார்கள். ஊர்ப் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும். நாங்கள் சன்னலுக்கு வெளியே நிற்போம், அதுவும் சுவரில் சாயாமல். நாலணா மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான்.

படத்தில் சண்டை வந்தால் வம்பில்லை. அழுகை வந்தாலும் வம்பில்லை, நாங்கள் அழுதால் யாருக்கும் தொந்தரவில்லை. நாகேஷ் வந்தால்தான் சிக்கல். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவை உட்காரவைத்துத் திகில் கதை சொல்கிற இடம் ஒன்று உண்டு. பாலையாவின் முகம் போகிற போக்கைப் பார்த்தால் செத்த பிணமும் சிரிக்கும். ஆனால் சன்னலுக்கு இந்தப் பக்கத்துச் சத்தம் கூடத்துச் சத்தத்தைத் தாண்டினால், "சேரிப் பசங்களுக்கு இன்னாடா இம்மாம் சத்தம்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. உள்ளே சிரிக்கட்டும் என்று ஒரு நொடி பொறுத்து, அதன் அடியில் எங்கள் சிரிப்பை ஒளித்துவைத்துச் சிரிப்பது. யாரும் சொல்லித்தரவில்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுக்கவும், தோள்துண்டை இடுப்பில் கட்டவும் எங்கப்பனுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? அப்படித்தான் இதுவும்.

உள்ளே எதற்குச் சிரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நாடகங்களில் வீட்டு மனிதர்கள் பேசுவது பெரும்பாலும் அக்ரகாரத்துத் தமிழ். நடுவில் ஒரு வேலைக்காரம்மா, ஒரு ரிக்‌ஷாக்காரர் வருவார், மெட்ராஸ் பாஷை பேசுவார், கூடம் கொல்லென்று சிரிக்கும். அவர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்தாலே போதும். சினிமாவில் லூஸ் மோகனுக்கு அந்தப் பேச்சே பிழைப்பு. பட்டணத்தில் மூட்டை தூக்கிய எங்க சித்தப்பா பேசியது அந்தப் பாஷைதான். சோறு போட்ட பாஷை அது. உழைக்கிற சனத்தின் நாக்கே ஒரு நகைச்சுவைத் துணுக்கு என்று ஆக்கி வைத்திருந்தார்கள். நாங்களும் சன்னலில் நின்று சிரித்தோம், சித்தப்பாவை நினைத்துக்கொண்டு. அந்தச் சிரிப்பில் பிரியம் இருந்தது. கூடத்துச் சிரிப்பில் அது இருந்ததா என்று சன்னலுக்கு வெளியே நிற்பவனால் எப்படிச் சொல்ல முடியும்?

2006 தேர்தலில் தி.மு.க. வென்று இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 14 அங்குலப் பெட்டி. ஓட்டுக்குக் கொடுத்த லஞ்சம் என்று எழுதாத பத்திரிகை இல்லை. எழுதியவர்கள் வீட்டில் அதற்கு இருபது வருசம் முன்னாலேயே பெட்டி இருந்திருக்கும். எங்கள் வீட்டில் பெட்டி ஏறிய அன்று அம்மா ஒன்றும் தத்துவம் பேசவில்லை. பாயை விரித்து, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பார்த்தார். சிரிப்பு வந்த இடத்தில், வந்த நொடியில், தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி சிரித்தார். பொறுத்துச் சிரிக்கிற அந்த ஒரு நொடி ஒரே நாளில் காணாமல் போனது. பெட்டியைத் தூக்கி வெளியே போடு என்று சொல்கிற தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். நம்ம வீட்டுக்குள் நம்ம கால் நீட்டிக்கொண்டு சத்தமாகச் சிரிப்பது நமக்கு யாரோ மறந்துபோய் விட்டுவைத்த சுகமில்லை. கிடைக்க ரொம்ப நாள் ஆன சுகம்.

சரி, அம்மா எதற்குச் சிரிக்கிறார்?

'கரகாட்டக்காரன்' (1989) படத்து வாழைப்பழத்தை அறியாத தமிழர் இருக்க மாட்டார். இரண்டு பழம் வாங்கிவரச் சொல்லிக் கவுண்டமணி காசு தருகிறார். செந்தில் இரண்டு வாங்குகிறார், ஒன்றை வழியிலேயே தின்றுவிடுகிறார், ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். இன்னொன்று எங்கே என்றால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே பதில். படம் பார்த்த எல்லோரும் இதை முட்டாள்தனம் என்று சிரிக்கிறார்கள். எங்க அம்மா முதல்தடவை பார்த்தபோது சொன்னது வேற. "இது இன்னாடி, நம்ம ஆண்ட கணக்காட்டம் இருக்குது!"

எனக்கு அப்புறம்தான் விளங்கியது. அறுப்பு முடிந்து களத்தில் கூலி அளக்கும்போது இரண்டு மரக்கா நெல் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வரும். "இன்னொண்ணு எங்க ஆண்டே?" என்றால், "ஆடி மாசம் வாங்கித் தின்னியே, அதான் இது" என்பார். ஆடியில் வாங்கியதற்குத் தையிலேயே ஒருதரம் பிடித்திருப்பார். கேட்கிற வாய் கேட்கலாம். பதில் மாறாது. ஊர் உலகம் வாழைப்பழத்தில் பார்த்த முட்டாள்தனத்தை எங்க அம்மா களத்து மேட்டில் நின்று, முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு வருசா வருசம் கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கைப் படத்தில் போடுவது யார்? கீழே இருக்கிறவன். ஏமாறுவது யார்? மேலே நின்று அதிகாரம் பண்ணுகிறவன். ஆண்டையின் கணக்கை ஆண்டையிடமே திருப்பிப் போட்டுக் காட்டுகிறான் ஒருத்தன். அம்மா கண்ணில் தண்ணி வரச் சிரிப்பது அதற்கு. உதை அதற்குப் பின்னால் வருகிறது. அது வரும்போது அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருப்பார்.

நம் சனங்களுக்குக் கேலி புதிசு இல்லை. பாமா 'கிசும்புக்காரன்' (1996) என்று ஒரு தொகுதியே போட்டார், முதலாளிகளை எகடாசி பேசுகிற ஆட்களாய் அதில் நிறைந்திருப்பார்கள். ராஜ் கௌதமன் தலித் பண்பாடு பற்றி எழுதியபோது நம் சனங்களின் கேலியையும் கொச்சையையும் ஒழுக்கக்கேடு என்று தள்ளாமல் கலகமாகப் படித்தார். சேரிச் சிரிப்பை நாகரிகம் இல்லாத சிரிப்பு என்று ஊர் சொன்னது. இப்போது நம்மில் படித்தவர்கள் அதையே விழிப்புணர்வு இல்லாத சிரிப்பு என்று சொல்லத் தொடங்கியிருக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வீட்டைத் திருத்தக் கிளம்புகிற நம் ஆண்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் பெண்கள் பார்க்கிற பெட்டியில்தான், தாங்கள் குடிக்கிற பாட்டிலில் இல்லை. இது இருக்கட்டும்.

இதற்குமேல் என் வாதம் இப்படி வழுக்கிக்கொண்டு போகாது. ஏனென்றால் என் மகள் இருக்கிறாள்.

அவள் கறுப்பு. எங்கள் வீட்டில் எல்லோரும் கறுப்புத்தான், அவள் கொஞ்சம் கூடுதல். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், ஒரு நகைச்சுவைக் காட்சியிலிருந்து எடுத்து. வகுப்பு வாத்தியாரும் சிரித்துக்கொண்டே அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். 'சிவாஜி' (2007) படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள் வருவார்கள். நடிக்க வந்த பெண்களுக்குக் கரியைப் பூசிய மாதிரி ஒப்பனை போட்டு, இவர்களைக் கட்டிக்கொள் என்று கதாநாயகனை விரட்டுவதுதான் அதில் நகைச்சுவை. பாரி மகளிரின் பெயர்கள் அவை. சங்கத் தமிழ் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்து வைத்த பேர். அந்தக் காட்சி டி.வி.யில் வந்தால் மகள் எழுந்துபோய்ப் பெட்டியை அணைப்பாள். "ஏன்டி, நல்லாத்தான போயிட்டு இருந்துச்சு?" என்பார் அம்மா. "உனக்கு நல்லாப் போவுது ஆயா. நாளைக்குப் பள்ளிக்கூடம் போறது நானு."

இந்தப் பதிலை அவ்வளவு லேசாகத் தாண்ட முடியாது. அம்மாவின் சிரிப்பு வீட்டுக்குள் தொடங்கி வீட்டுக்குள் முடிகிறது. மகளுக்கு அது முடிவதில்லை. அதே காட்சியை ஊர்ப் பிள்ளைகளும் அவரவர் வீட்டில், அவரவர் பாயில் படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். காலையில் இரண்டு சிரிப்பும் ஒரே வகுப்பறைக்கு வருகின்றன. அங்கே எது எதன்மேல் ஏறி உட்காரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பழைய படம்தானே, அப்ப அப்படித்தான் எடுத்தாங்க" என்கிற சமாதானம் ஒன்று உண்டு. பழசு என்பது படத்துக்குப் பொருந்தும். சிரிப்புக்குப் பொருந்தாது. படம் 1989இல் எடுத்தது, சிரிப்பு இன்றைக்கு மத்தியானம் சிரித்தது. 2012இல் இது நாடாளுமன்றம் வரை போனது. 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று, நத்தைமேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்க நேரு பின்னால் சாட்டையோடு நிற்பது, 11ஆம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இருந்தது. திருமாவளவன் அவையில் எழுப்பினார், அரசு விலக்கிக்கொண்டது. அன்றைக்குப் பல அறிவுஜீவிகள், அந்தக் காலத்து நகைச்சுவையை அந்தக் காலத்தில் வைத்துப் பாருங்கள் என்று நமக்கு வகுப்பெடுத்தார்கள். 1949இல் அந்தப் பத்திரிகையை வாங்கிப் படித்தவர்கள் யார்? 2012இல் அந்தப் பாடப்புத்தகத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யார் யார்? சாட்டை அதேதான், பார்க்கிற கண் மாறிவிட்டது. எல்லாக் கேலிச்சித்திரத்தையும் கிழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காலத்தைக் காட்டி வாயை மூடச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் வேறு மாதிரி யோசிக்கவே முடியாது என்பதும் பொய். அதே 1949இல் 'நல்லதம்பி' வந்தது. அண்ணாதுரை எழுதிய படம். அதில் என்.எஸ். கிருஷ்ணன் பாகவதர் மாதிரி நின்று கிந்தனார் கதாகாலட்சேபம் பண்ணுவார். நந்தனார் கதையை அப்படியே தலைகீழாக்கியது அது. 1935இலும் 1942இலும் நந்தனார் படங்கள் வந்து சனங்களை உருக வைத்திருந்தன. நந்தன் தீயில் இறங்கினான். கிந்தன் ரயில் ஏறினான். பட்டணம் போய்ப் படித்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வந்தான். பக்தியில் கரைந்து அழுதுகொண்டிருந்த ஒரு கதையைச் சிரிப்பாக்கிய உடனே அதற்குள் இருந்த கொலை வெளியே தெரிந்தது. சிரிப்பால் இது முடியும். கிந்தன் கதையை மேடையில் நின்று சொல்வது கிந்தன் இல்லை என்பது ஒரு குறைதான். ஆனால் அதில் உதைபடுவது கிந்தனின் உடம்பு இல்லை, நந்தனை நெருப்பில் தள்ளிய நியாயம். நகைச்சுவைக்கென்றே நாள் முழுக்க ஓடுகிற அலைவரிசைகள் இருக்கின்றன. எங்கள் வீட்டுப் பெட்டியில் கிந்தனார் ஒருதரம்கூட வந்து நான் பார்த்ததில்லை.

சட்டம் இதில் எதுவரைக்கும் வரும்? 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுவில் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்து நம்மை இழிவுபடுத்தினால் குற்றம் என்கிறது. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடந்தால் அந்தப் பிரிவுக்குள் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2024 ஜூலையில் தமிழ்நாடு ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், 'சண்டாளன்' என்பது பட்டியல் சாதியில் உள்ள ஒரு சமூகத்தின் பெயர், அதைப் பாட்டிலும் நகைச்சுவையிலும் மேடையிலும் வசவாகப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தது. நல்ல காரியம். ஆனால் வார்த்தையை எடுத்துவிட்டால் உதை போய்விடுமா? ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சிகளைப் பாருங்கள், யார் உதைக்கிறார், யார் வாங்குகிறார் என்று அப்பவும் தெரியும். அதோடு இந்தச் சட்டம் பட்டியலுக்கு வெளியே இருப்பவர் நமக்குச் செய்வதை மட்டும்தான் பார்க்கும். நம்ம வீட்டுக்குள், நமக்கு நாமே செய்துகொள்வது அதன் கண்ணில் விழாது.

அங்கேதான் எனக்கு உண்மையான கேள்வி இருக்கிறது.

'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் கவுண்டமணி சலவைத் தொழிலாளி, கூடவே செந்தில். பாதிப் படத்துச் சிரிப்பு துணி மூட்டையிலிருந்துதான் வரும். பெட்டி வந்த புதிசில் ஒரு நாள் எங்கள் வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது. வீடு நிறையக் கூட்டம். எங்கள் காலனிக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் குடும்பத்து அம்மா ஒருவர், ராச்சோறு வாங்க வந்தவர், நின்று பார்த்தார். உள்ளே வா என்று யாரோ சொன்னார்கள். வரவில்லை, வாசப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்கு எங்க அம்மா வயசு இருக்கும். காலனியில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும், ஊர்ப் பிள்ளைகள் எங்கப்பனைக் கூப்பிட்ட மாதிரி.

துணி மூட்டைக் காட்சி வந்தது. வீடு சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் வீடு சிரித்து, ஒரு நொடி கழித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். சன்னலுக்கு வெளியே நின்று சிரித்தவர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும்.

இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதியபோது நம் ஆட்களே சண்டைக்குப் போனார்கள். நம்மைக் காட்டிக்கொடுக்கிறது, ஒற்றுமையைக் கெடுக்கிறது என்றார்கள். காலனிக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியம் என்கிற பெண்ணின் கதை அது. அந்த நாவலைப் பற்றி நிறைய விவாதித்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம்ம வாசப்படியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அந்த அளவுக்கு விவாதித்த மாதிரி தெரியவில்லை. மாணவர் கேட்டது, நம்மைப் பார்த்து நாமே சிரிப்பது தப்பில்லையா என்று. 'நம்மை' என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதிலிருந்துதான் அதற்குப் பதில் தேட வேண்டும். செந்தில் வாங்குகிற உதையில் நான் என்னைப் பார்க்கிறேன். அந்தத் துணி மூட்டையில் என்னைப் பார்த்தேனா, அந்த அம்மாவைப் பார்த்தேனா? இரண்டு காட்சியும் கட்டிய விதம் ஒன்றுதான். ஒரு காட்சியை இழிவு என்றோ விடுதலை என்றோ படத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட என்னால் முடியாமல் போவது இதனால்தான். வீட்டுக்குள் யார் பாயில் இருக்கிறார், யார் படியில் இருக்கிறார், யார் யாருக்காக ஒரு நொடி பொறுத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. படத்துக்கு விமர்சனம் எழுதுவது சுலபம். இதற்கு எழுதுவது கஷ்டம், ஏனென்றால் இதில் சம்பந்தப்பட்டவர்கள் காலையில் தெருவில் எதிரே வருவார்கள்.

'தேவர் மகன்' (1992) படத்தில் வடிவேலு இசக்கி என்கிற வேலையாள். முதலாளி வீட்டுப் பிள்ளை சொன்னான் என்று கோயில் பூட்டை உடைப்பான், அதற்காக அவன் கையை வெட்டிவிடுவார்கள். கை போன பிறகும் அவன் விசுவாசம் போகாது. அந்த இசக்கியிலிருந்துதான் தன் மாமன்னன் வந்தான் என்று மாரி செல்வராஜ் 2023இல் சொன்னார். சிறு வயதில் பார்த்த ஒரு படத்தை அவரால் மறந்துபோக முடியவில்லை, முப்பது வருசம் கழித்து அதே வடிவேலுவைக் கூப்பிட்டு வேறு நாற்காலியில் உட்கார வைத்தார். பழைய படத்தை வீட்டில் பார்ப்பது சும்மா பொழுதுபோக்கு என்கிறவர்களுக்கு, பார்த்தது எங்கே போய்த் தங்குகிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

'மாமன்னன்' எங்கள் வீட்டு டி.வி.யில் ஓடியபோது அம்மா முதல் அரைமணி நேரம் காத்திருந்தார். "எப்பப்பா சிரிப்பு வரும்?" என்று இரண்டு தரம் கேட்டார். வராது என்று மகள் சொன்னாள். அப்புறம் அம்மா பேசவில்லை. மறுவாரம் வடிவேலுவின் பழைய காமெடி ஒன்று, நாலைந்து பேர் சேர்ந்து அவரைப் புரட்டி எடுக்கிற காட்சி. அம்மா வழக்கம்போலச் சிரித்தார். பாதியில் நிறுத்தி, "எலெக்‌ஷன்ல நின்னு செயிச்ச ஆளு அது, அவரப் போயி அடிக்கிறானுவளே" என்றார். சொல்லிவிட்டு மிச்சத்தையும் பார்த்தார். சில இடத்தில் சிரித்தார், சில இடத்தில் சிரிக்கவில்லை. எந்த இடம் என்று மகள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள், கல்லூரியில் ஏதோ கட்டுரைக்காம்.